உடைந்த டிஎன்ஏவை பாக்டீரியா ஒட்டுவதைத் தட்டில் பார்ப்பது எப்படி

ஒரே அகார் தட்டில் ஈ. கோலையின் இரண்டு திரிபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுங்கள். ஒன்று எம்ஜி1655, பழுதுபார்க்கும் புரதங்கள் எல்லாம் இயல்பாக இருக்கும் காட்டுத் திரிபு. மற்றது, பிளாஸ்மிட் (சிறு வளைய டிஎன்ஏ) வளர்க்க அநேகமாக எல்லா மரபணு ஆய்வகமும் வைத்திருக்கும் டிஎச்5 ஆல்ஃபா. 254 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் பத்து நொடி காட்டிவிட்டு, இருட்டில் 37 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் முதல் கோடு கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும். இரண்டாவது கோடு இருந்த இடமே தெரியாது. இந்த இரண்டுக்கும் மரபணுவில் பல வேறுபாடுகள் உண்டு என்றாலும், இந்தக் காட்சிக்கு முதல் காரணம் ரெக்-ஏ என்ற ஒரே ஒரு புரதம் வேலை செய்யாததுதான்.

சோதனை செய்ய இரண்டு நாள் போதும். முடிவைத் தப்பாகப் படிக்கத்தான் ஏகப்பட்ட வழி இருக்கிறது. எந்தச் சேதத்தை உண்டாக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் புரதம் கண்ணுக்குத் தெரியும். புறஊதாவைக் காட்டிவிட்டு "டிஎன்ஏ உடைப்பைச் சோதித்தோம்" என்று எழுதுகிறவர்கள் பலர். புறஊதா டிஎன்ஏவை நேராக உடைப்பதில்லை. ஆகவே செய்முறைக்குப் போகும் முன், செல்லுக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

உடைப்பு ஏற்பட்டவுடன்

டிஎன்ஏவின் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் வெறும் முனை ஒன்று வெளியே தெரியும். ஈ. கோலையில் அந்த முனையை முதலில் பிடிப்பது ரெக்-பிசிடி என்ற மூன்று புரதக் கூட்டு. இதில் இரண்டு மோட்டார்கள். ரெக்-பி ஒரு இழையின் மேல் ஒரு திசையில் ஓடும், ரெக்-டி எதிர் இழையின் மேல் எதிர்த் திசையில் ஓடும். இழைகள் தாமே எதிரெதிராக இருப்பதால் கூட்டு முழுவதும் ஒரே பக்கமாகத்தான் நகர்கிறது. 37 டிகிரியில் நொடிக்குச் சுமார் 1,000 காரச்சோடி (டிஎன்ஏ ஏணியின் ஒரு படி, அதாவது ஒரு எழுத்து) வேகத்தில் இழைகளைப் பிரித்துக்கொண்டே, போகிற வழியில் வெட்டித் தின்றுகொண்டே போகும்.

பழுதுபார்க்க வந்தது ஏன் தின்ன வேண்டும்? செல்லுக்குள் வெறும் முனையோடு வரும் டிஎன்ஏ பெரும்பாலும் வைரஸினுடையது. அதனால் ரெக்-பிசிடி முதலில் சந்தேகப்பட்டு அழிக்கிறது. தன்னுடைய டிஎன்ஏதான் என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் இருக்கிறது: ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி என்ற எட்டெழுத்து வரிசை. அதன் பெயர் கிரேக்க எழுத்தான 'கை'. நம் கையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எட்டெழுத்து வரிசை ஒன்று 46 லட்சம் காரச்சோடி உள்ள ஈ. கோலை மரபணுத் தொகுதியில் தற்செயலாக வந்தால், இரண்டு இழையும் சேர்த்துச் சுமார் 140 இடத்தில் இருக்க வேண்டும். 'கை' இருப்பதோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில். சராசரியாக 4,600 காரச்சோடிக்கு ஒன்று.

ஓடிவரும் கூட்டு சரியான திசையிலிருந்து 'கை'யைக் கடக்கும்போது ரெக்-சி அதைப் படிக்கிறது. படித்தவுடன் கூட்டின் குணமே மாறிவிடும். 3' முனையில் (இழையின் இரு நுனிகளில் ஒன்றின் பெயர்) முடியும் இழையை வெட்டுவது நின்றுபோகும், எதிர் இழையை வெட்டுவது தொடரும். இதனால் 3' முனையோடு ஒற்றை இழை வால் ஒன்று நீண்டு தொங்கும். அந்த வாலின் மேல் ரெக்-ஏ மூலக்கூறுகளை ரெக்-பி தானே உட்காரவைக்கிறது. இந்த உட்காரவைத்தல் முக்கியம். ஒற்றை இழை தெரிந்த நொடியே எஸ்எஸ்பி என்ற நான்குறுப்புப் புரதம் அதைச் சுற்றிக்கொள்ளும், ரெக்-ஏவுக்குத் தானாக அதைத் தள்ளிவிட்டு இடம்பிடிப்பது எளிதல்ல. (எல்லாச் சமயமும் ஒரே 'கை'யில் நிற்கும் என்றும் இல்லை. சிலவற்றைக் கவனிக்காமல் தாண்டிப் போய் அடுத்ததில் மாறும்.)

ரெக்-ஏ சிறிய புரதம், சுமார் 38 கிலோடால்டன். மூன்று எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வாலின் மேல் ஒட்டி, ஒரு சுற்றுக்கு ஆறு என்று முறுக்கு நாரைப் போல வளரும். இந்த நார் டிஎன்ஏவை அதன் இயல்பு நீளத்தைவிட ஒன்றரை மடங்கு இழுத்து வைத்திருக்கிறது. இழுத்த நிலையில் மூன்று மூன்று எழுத்தாக வெளியே காட்டிக்கொண்டு, செல்லில் இருக்கும் இன்னொரு நகலில் தனக்குச் சமமான இடத்தைத் தேடும். முதலில் எட்டெழுத்து அளவில் ஒத்துப்போகிறதா என்று தொட்டுப் பார்க்கும், இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த இடம். உயிருள்ள ஈ. கோலையில் உடைப்பிலிருந்து ஒட்டுதல் வரை மொத்தமே 15 நிமிட அளவில் முடிந்துவிடுகிறது. 46 லட்சம் எழுத்தில் ஒரு வரியைத் தேடிப் பிடிப்பதற்கு இது மிகக் குறைந்த நேரம்.

இடம் கிடைத்ததும் வால் அந்த நகலுக்குள் நுழைந்து, அதைப் பார்த்து விடுபட்ட எழுத்துகளை எழுதிக்கொள்ளும். இரண்டு டிஎன்ஏவும் பின்னிக்கொள்ளும் இடத்தில் நான்கு கிளைச் சந்தி உண்டாகும். 1964ல் ராபின் ஹாலிடே முன்மொழிந்ததால் அதற்கு ஹாலிடே சந்தி என்று பெயர். ருவ்-ஏ சந்தியைப் பிடித்துத் தட்டையாக்கும். இருபுறமும் வளையமாக உட்காரும் ருவ்-பி டிஎன்ஏவைத் தன் துளை வழியே இழுத்துச் சந்தியை நகர்த்தும். ருவ்-சி இரண்டு இழையை வெட்டிப் பிரித்துவிடும். மீதிக் கீறலை லிகேஸ் என்ற நொதி ஒட்டுகிறது. நகலெடுக்கும் இயந்திரத்தை மறுபடி ஏற்றிவிடுவது பிரை-ஏவின் வேலை. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஆனால் பிரை-ஏ இல்லாத திரிபும் படுமோசமாகத்தான் வளரும்.

இவ்வளவுக்கும் பார்த்து எழுத ஒரு நகல் வேண்டும். வேகமாக வளரும் ஈ. கோலை செல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட நகல் எப்போதும் இருக்கும். பட்டினியில் ஓய்ந்த செல்லில் நிலைமை வேறு. அதனால்தான் கீழே சொல்லும் எல்லாச் சோதனையிலும் கல்ச்சரின் வயதை இவ்வளவு வலியுறுத்துகிறோம். மைக்கோபாக்டீரியா போன்றவை நகல் இல்லாவிட்டாலும் கு, லிக்-டி என்ற இரண்டு புரதங்களைக் கொண்டு இரண்டு முனையையும் நேராக ஒட்டிவிடும். எழுத்து ஒன்றிரண்டு போகும், உயிர் தப்பும். இங்கே பேசும் ஆய்வகத் திரிபுகளின் குலமான ஈ. கோலை கே-12ல் அந்த வழி கிடையாது.

எந்தச் சேதம், யாருக்கு?

புறஊதா (254 நானோமீட்டர்) அடுத்தடுத்த தைமின்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. சதுர மீட்டருக்கு 1 ஜூல் கொடுத்தால் ஈ. கோலையின் ஒரு மரபணுத் தொகுதியில் சுமார் 60 பிணைப்பு உண்டாகும். இதை வெட்டி எடுப்பது யூவிஆர்-ஏ, பி, சி கூட்டணி. பிணைப்பின் இருபக்கமும் கீறி 12 அல்லது 13 எழுத்துத் துண்டை நீக்கும். வெட்டி முடிப்பதற்குள் நகலெடுக்கும் இயந்திரம் வந்து முட்டினால் இடைவெளி விழும், சில சமயம் முறியும். ரெக்-ஏ அப்போதுதான் தேவைப்படுகிறது. இடைவெளிகளில் ரெக்-ஏவை உட்காரவைப்பது ரெக்-பிசிடி அல்ல, ரெக்-எஃப், ஓ, ஆர் கூட்டு.

இந்த எண்களைப் பாருங்கள். காட்டுத் திரிபில் 37 சதவீதம் செல் பிழைக்கும் அளவு சுமார் 50 ஜூல். யூவிஆர்-ஏ இல்லாததில் சுமார் 0.8. ரெக்-ஏ இல்லாததில் சுமார் 0.3. இரண்டும் இல்லாததில் 0.02. காட்டுத் திரிபு ஏறக்குறைய 3,000 பிணைப்புகளைச் சமாளிக்கிறது. இரட்டைப் பிறழ்வு ஒரே ஒரு பிணைப்பில் சாகிறது. திரிபு, வளர்ச்சி நிலையைப் பொறுத்து இவை மாறும், ஆனால் விகிதம் இந்த அளவில்தான் இருக்கும்.

நேரடி இரட்டை இழை உடைப்பு வேண்டுமென்றால் பிளியோமைசின், காமா கதிர். நாலிடிக்சிக் அமிலமும் சிப்ரோஃப்ளாக்சசினும் டிஎன்ஏ கைரேஸை (முறுக்கைச் சரிசெய்ய டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் நொதி) வெட்டிய நிலையிலேயே பூட்டிவைப்பவை, அந்தப் பூட்டு உடைப்பாக முடியும். மைட்டோமைசின் சி இரண்டு இழையையும் குறுக்கே தைத்துவிடும், அதை அவிழ்க்க யூவிஆர் கூட்டணியும் வேண்டும், ரெக் கூட்டணியும் வேண்டும்.

ஆகவே ஒரு சேதம் போதாது. மூன்று தட்டு போடுங்கள்: புறஊதா, நாலிடிக்சிக், மைட்டோமைசின். ரெக்-ஏ இல்லாதது மூன்றிலும் விழும். யூவிஆர்-ஏ இல்லாதது புறஊதாவிலும் மைட்டோமைசினிலும் விழும், நாலிடிக்சிக்கில் காட்டுத் திரிபை ஒட்டியே நிற்கும். ரெக்-பி இல்லாதது நாலிடிக்சிக்கிலும் மைட்டோமைசினிலும் விழும், புறஊதாவில் ரெக்-ஏவைவிட எவ்வளவோ மேல். ரெக்-எஃப் இல்லாதது இதற்கு நேர்மாறு, புறஊதாவில்தான் வலுவிழக்கும். ரெக்-டி இல்லாதது எதிலுமே பெரிதாக விழாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல திரிபு கிடையாது: ரெக்-டி போனால் கூட்டு வெட்டும் திறனை இழந்து, 'கை'க்குக் காத்திராமல் ரெக்-ஏவை உட்காரவைக்கத் தொடங்கிவிடும். கூட்டின் ஒரு பாகத்தை நீக்கினால் எப்போதும் பழுதுபார்ப்பு கெடும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தட்டைக் காட்டலாம்.

திரிபுகள்

ஒரே பெற்றோரிலிருந்து வந்தவையாக எடுங்கள். பிடபிள்யூ25113ஐப் பெற்றோராகக் கொண்டு 2006ல் வெளியான கெய்யோ தொகுப்பில் ரெக்-ஏ, ரெக்-பி, ரெக்-டி, ரெக்-எஃப், யூவிஆர்-ஏ, ருவ்-சி, சுல்-ஏ எல்லாம் தனித்தனியே நீக்கப்பட்டுக் கிடைக்கின்றன. நீக்கிய இடத்தில் கனமைசின் எதிர்ப்பு மரபணு இருக்கும். திரிபைப் பாதுகாக்கும்போது கனமைசின் சேருங்கள் (மி.லி.க்கு 25 முதல் 30 மைக்ரோகிராம்), சோதனைத் தட்டில் சேர்க்காதீர்கள். பெற்றோர் அதில் வளராது, ஒப்பிட எதுவும் இருக்காது.

டிஎச்5 ஆல்ஃபாவைப் புறஊதாக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கைரேஸ் மரபணுவிலும் ஒரு பிறழ்வு இருப்பதால் நாலிடிக்சிக் அமிலத்துக்கு அது எதிர்ப்புள்ளது. ரெக்-ஏ இல்லாமலே நாலிடிக்சிக் தட்டில் செழிப்பாக வளர்ந்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "உடைப்பு ஒட்ட ரெக்-ஏ தேவையில்லை" என்ற முடிவுக்கு வருவது மிகச் சுலபம்.

கோட்டுச் சோதனை

விளக்கை 20 நிமிடம் முன்பே எரியவிடுங்கள். குளிர்ந்த விளக்கின் வெளிச்ச அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தட்டு வைக்கும் உயரத்தில் மீட்டரை வைத்து அளவிடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோவாட் என்றால் சதுர மீட்டருக்கு 1 வாட், அதாவது நொடிக்கு 1 ஜூல். தூரத்தைக் கூட்டிக் குறைத்து இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். குழாய் விளக்குக்குப் பக்கத்தில் "தூரம் இரட்டித்தால் கால் பங்கு" என்ற கணக்கு ஒத்துவராது, அளந்தால்தான் உண்டு. கண்ணுக்கு முகக்கவசம், கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில் மணிக்கட்டு தெரியாதபடி மூடல் இரண்டும் கட்டாயம். எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

கல்ச்சரை ஓடி 600ல் (600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் கலங்கல் அளவு, இனி ஓடி) 0.3 வரும்வரை வளர்த்து, 0.9 சதவீத உப்பு நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். மி.லி.க்குச் சுமார் 2 கோடி செல் வரும். ஈரம் காய்ந்த எல்பி (பாக்டீரியா வளர்க்கும் வழக்கமான ஊட்டக் கரைசல்) அகார் தட்டின் ஒரு ஓரத்தில் ஒவ்வொரு திரிபிலும் 10 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, தட்டைச் சாய்த்துக் கோடாக ஓடவிடுங்கள். புதிதாக ஊற்றிய ஈரத் தட்டென்றால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கோடுகள் உறிஞ்சப்பட்ட பிறகு மூடியைத் திறந்து, கோடுகளுக்குக் குறுக்காகத் தட்டைக் கெட்டி அட்டையால் மூடுங்கள். ஐந்து பட்டைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பட்டையை மட்டும் திறந்து 20 நொடி. அட்டையை நகர்த்தி நான்காவதையும் சேர்த்து 10 நொடி. மூன்றாவதையும் சேர்த்து 5. இரண்டாவதையும் சேர்த்து இன்னொரு 5. முதல் பட்டை மூடியே இருக்கட்டும். இப்போது பட்டைகளுக்குக் கிடைத்தது 0, 5, 10, 20, 40 ஜூல்.

மூடியைப் போட்டுக்கொண்டே விளக்கைக் காட்டுவது புதிதாகச் செய்பவர்களின் வழக்கமான தவறு. பாலிஸ்டைரீன் மூடி 254 நானோமீட்டரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். எல்லாக் கோடும் ஒரே மாதிரி வளர்ந்து நிற்கும்.

காட்டியவுடன் அலுமினியத் தாளில் சுற்றி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். ஈ. கோலையில் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. நீல ஒளி பட்டால் அது தைமின் பிணைப்பை வெட்டாமலே பிரித்துவிடும். ஆல்பர்ட் கெல்னர் 1949ல் இந்த ஒளிமீட்பைப் பற்றி எழுதினார். ஜன்னலோரம் தட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், நீங்கள் அளக்க நினைத்த புரதத்தின் வேலையைச் சூரியன் செய்துவிடும். வேண்டுமென்றே இதைப் பார்க்கவும் செய்யலாம்: ஒரே அளவு காட்டிய இரண்டு தட்டில் ஒன்றை இருட்டிலும் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விளக்கின் கீழ் 30 நிமிடமும் வைத்து, பிறகு இரண்டையும் இன்குபேட்டரில் இருட்டில் வளருங்கள். யூவிஆர்-ஏ இல்லாத திரிபில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

எண்ணிப் பார்க்கும் சோதனை

கோடு ஆமாம், இல்லை என்று சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் எண்ண வேண்டும்.

இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரை நூறு மடங்கு புது எல்பியில் நீர்த்து, 37 டிகிரியில் நிமிடத்துக்கு 200 சுழற்சியில் குலுக்கி, ஓடி 0.3 வரை வளருங்கள். 10 மி.லி. எடுத்து 4,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, எல்பியை முழுக்கக் கொட்டிவிட்டு உப்பு நீரிலோ 10 மில்லிமோலார் மெக்னீசியம் சல்பேட்டிலோ கழுவுங்கள். இரண்டு முறை. எல்பி புறஊதாவை நன்றாக விழுங்கும். கழுவாமல் காட்டினால் மேலே இருக்கும் செல்லுக்கு ஒரு அளவும் கீழே இருப்பதற்கு வேறு அளவும் போய், வரைகோட்டின் வால் தட்டையாகிவிடும். அந்த வாலைப் பார்த்து "எதிர்ப்புள்ள சிறு கூட்டம் ஒன்று இருக்கிறது" என்று விளக்கம் எழுதத் தோன்றும். பெரும்பாலும் அது நிழலில் தப்பிய செல்கள்தான்.

கழுவியதை மி.லி.க்கு 1 முதல் 2 கோடி செல்லுக்கு நீர்த்து, 9 செ.மீ. பெட்ரி தட்டில் 5 மி.லி. ஊற்றுங்கள். ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். மூடியில்லாமல், மெதுவாகச் சுழற்றிக்கொண்டே விளக்கைக் காட்டுங்கள். காட்டுத் திரிபுக்கு 0, 10, 20, 40, 60, 80 ஜூல். ரெக்-ஏ இல்லாததற்கு 0, 0.25, 0.5, 1, 2. பிந்தையதற்கு நொடிக்கு 1 ஜூல் விளக்கு சரிப்படாது. கால் நொடியைக் கையால் அளக்க முடியாது. விளக்கைத் தள்ளிவைத்தோ கம்பி வலையை இடையில் வைத்தோ 0.1 வாட்டுக்குக் குறைத்தால் 2.5, 5, 10, 20 நொடியாக விரியும். இரண்டு திரிபுக்கும் ஒரே அளவுப் பட்டியலைப் பயன்படுத்தினால் ஒன்றில் எல்லாம் பிழைக்கும், மற்றதில் எல்லாம் சாகும், வரைகோடு எங்கும் கிடைக்காது.

ஒவ்வொரு அளவிலும் 100 மைக்ரோலிட்டர் எடுத்து உடனே பனிக்கட்டியில் வையுங்கள். அறை வெளிச்சத்தை அணைத்து மஞ்சள் விளக்கு மட்டும் போட்டுக்கொண்டு, 96 குழித் தட்டில் 20 மைக்ரோலிட்டரை 180 மைக்ரோலிட்டரோடு கலந்து பத்துப் பத்தாக நீர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படியிலும் பிப்பெட்டின் டிப்பை மாற்ற வேண்டும். பழைய டிப்பின் சுவரில் ஒட்டிய ஒரு மைக்ரோலிட்டரில் பத்தாயிரம் செல்லுக்கு மேல் இருக்கும், அது ஐந்தாவது குழிக்குள் போனால் எண்ணியதெல்லாம் வீண். பொருத்தமான நீர்ப்பிலிருந்து 100 மைக்ரோலிட்டரைப் பரப்பி, 37 டிகிரியில் இருட்டில் 24 மணி நேரம். ரெக்-ஏ, ரெக்-பி இல்லாதவை மெதுவாக வளர்பவை, 16 மணி நேரத்தில் எண்ணினால் சிறு காலனிகள் விடுபடும். 30 முதல் 300 காலனி உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள்.

கணக்கு இப்படி. புறஊதா காட்டாத தட்டு: பத்தாயிரம் மடங்கு நீர்ப்பில் 100 மைக்ரோலிட்டருக்கு 200 காலனி. அப்படியானால் மி.லி.க்கு 200 × 10 × 10,000 = 2 கோடி. 40 ஜூல் தட்டு: அதே நீர்ப்பில் 84 காலனி, மி.லி.க்கு 84 லட்சம். பிழைத்த பங்கு 42 சதவீதம். மடக்கை அளவில் வரையுங்கள். காட்டுத் திரிபின் வரைகோடு முதலில் தோள் போலத் தட்டையாக ஓடிப் பிறகுதான் சரியும். அந்தத் தோள்தான் பழுதுபார்ப்பின் படம்: சேதம் இருக்கிறது, ஒட்டும் வேகம் அதைவிட அதிகமாக இருக்கிறது. ரெக்-ஏ இல்லாததில் தோள் இருக்காது, முதல் புள்ளியிலிருந்தே நேராகக் கீழே போகும்.

ரெக்-ஏ, ரெக்-பி இல்லாத கல்ச்சரில் கதிரே படாமலே கணிசமான செல்கள் பிளவுபட முடியாமல் கிடக்கும். சாதாரண வளர்ச்சியிலேயே நகலெடுப்பு அவ்வப்போது முறிவதும் அதை ஒட்ட ஆளில்லாததுமே காரணம். அதனால் ஓடி சமமாக இருந்தாலும் காலனி எண்ணிக்கை சமமாக இருக்காது. ஒவ்வொரு திரிபையும் அதன் சொந்தப் பூஜ்ய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள், பெற்றோரின் பூஜ்யத்தோடு வேண்டாம்.

மருந்துத் தட்டு

நாலிடிக்சிக் அமிலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் மி.லி.க்கு 10 மி.கி.யாகக் கரைத்து வையுங்கள், வெறும் நீரில் சரியாகக் கரையாது. 50 டிகிரிக்கு ஆறிய 100 மி.லி. அகாரில் 20 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மி.லி.க்கு 2 மைக்ரோகிராம். 0.5, 1, 2 என்று மூன்று அளவு ஊற்றுங்கள். காட்டுத் திரிபு மூன்றிலும் வளர்ந்து, ரெக் திரிபுகள் நடுவில் எங்கோ விழும் அளவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மைட்டோமைசினுக்கு 0.1, 0.25, 0.5 மைக்ரோகிராம். அது மனிதர் டிஎன்ஏவையும் தைக்கும் மருந்து, கையுறையில்லாமல் தொடக் கூடாது. வெளிச்சம் படாமல் வைத்திருங்கள். தட்டுகளை ஊற்றிய வாரத்திலேயே பயன்படுத்துங்கள். நீர்ப்பு வரிசையில் ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்தால் ஒரே தட்டில் ஆறேழு திரிபு அடங்கும். மருந்தில்லாத தட்டையும் அதே சொட்டுகளோடு கூடவே வைக்க வேண்டும்.

நீண்டுபோகும் செல்கள்

ஒற்றை இழையில் உட்கார்ந்த ரெக்-ஏ நாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. லெக்ஸ்-ஏ என்ற அடக்கிப் புரதம் அதன் மேல் மோதினால் தன்னைத் தானே இரண்டாக அறுத்துக்கொள்ளும். அதுவரை அடங்கியிருந்த நாற்பது அளவிலான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். 1970களில் மிரோஸ்லாவ் ராட்மனும் ஈவ்லின் விட்கினும் வடித்தெடுத்த எஸ்ஓஎஸ் என்ற கருத்து இதுதான். விழிப்பவற்றில் ஒன்று சுல்-ஏ. செல் பிளவுக்கு வளையம் போடும் புரதத்தை அது தடுத்து, டிஎன்ஏ சரியாகும் வரை செல்லைப் பிரியவிடாது. செல் நீண்டுகொண்டே போகும்.

இதைப் பார்க்க, ஓடி 0.2ல் உள்ள கல்ச்சரில் மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம் மைட்டோமைசின் சேர்த்து 60 முதல் 90 நிமிடம் வளருங்கள். ஒரு சதவீத அகரோஸ் மெத்தையின் மேல் ஒரு சொட்டு வைத்து 1,000 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் இருந்த காட்டுத் திரிபு, பத்துக்கும் மேல் நீண்ட நூலாகக் கிடக்கும். ரெக்-ஏ இல்லாதது இப்படி நீளாது. சுல்-ஏ இல்லாததும் நீளாது, ஆனால் அதில் எஸ்ஓஎஸ் விழித்துத்தான் இருக்கிறது. நீளம் மட்டும் பார்த்து "எஸ்ஓஎஸ் வரவில்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒப்பீடு வேண்டும்.

நீண்ட செல் ஒன்று ஓடியில் பல செல்லாகத் தெரியும், தட்டில் ஒரு காலனிதான் தரும். மருந்து சேர்த்த கல்ச்சரில் ஓடியை வைத்துப் பிழைப்பைக் கணக்கிடாதீர்கள்.

ஒட்டும் புரதம் சரியாக இருந்தும் சாகும் திரிபுகள்

லான் என்ற புரதச் சிதைப்பி இல்லாத திரிபில் சுல்-ஏ அழியாமல் தங்கிவிடும். டிஎன்ஏவை ஒட்டி முடித்த பிறகும் செல் பிரிய முடியாமல் சாகும். தட்டில் பார்த்தால் பழுதுபார்ப்பு கெட்ட திரிபு போலவே இருக்கும். லாம்டா வைரஸ் உள்ளே உறங்கும் திரிபிலும் இதே ஏமாற்றம்தான். எஸ்ஓஎஸ் வந்ததும் வைரஸ் விழித்து செல்லை உடைத்துவிடும். கல்ச்சர் ஓடி திடீரென்று தெளிந்தால் வைரஸைச் சந்தேகியுங்கள்.

எந்தத் திரிபானாலும், நீக்கிய மரபணுவைக் குறைந்த நகல் பிளாஸ்மிடில் திருப்பிக் கொடுத்து மறுபடி சோதியுங்கள். பிழைப்பு மீண்டும் ஏறினால்தான் அந்தப் புரதத்தைக் காரணமாகச் சொல்லலாம். அதிக நகல் பிளாஸ்மிட் வேண்டாம், ரெக்-ஏ தேவைக்கு மேல் பெருகினால் அதுவே வேறு கோளாறுகளைக் கிளப்பும்.

ரெக்-பி, ரெக்-சி இல்லாத திரிபுகளை வாரக்கணக்கில் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே வளர்க்காதீர்கள். அவை மெதுவாக வளர்வதால், வேறெங்கோ பிறழ்வு வந்து பெரிதாக வளரும் காலனி ஒன்று கிளம்பி மற்றதையெல்லாம் முந்திவிடும். உதாரணமாக, மரபணுத் தொகுதியில் புதைந்திருக்கும் ராக் என்ற பழைய வைரஸ் துண்டின் ரெக்-ஈ நொதி விழித்துக்கொண்டால் ரெக்-பிசிடியின் வேலையில் பெரும்பங்கை அதுவே செய்துவிடும். வாங்கிய அன்றே கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகளாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக்கும் குப்பியிலிருந்து புதிதாகக் கோடு இழுத்து, சிறிய காலனியாகப் பார்த்து எடுங்கள்.